பதினான்காவது கட்டம்

போன வாரம் ஓர் அம்மா என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு முதியோர் இல்லத்தின் விண்ணப்பம். நம் ஊரில் நாலு பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்தும் இல்லம். பெயர் வேண்டாம். கமிட்டியில் இரண்டு பேர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள், அவர்களுக்குத் தெரியும்.

பெயர், பிறந்த தேதி, பென்ஷன் விவரம், சர்க்கரை உண்டா, பி.பி. உண்டா எல்லாம் அழகாக நிரப்பியிருந்தார். பதினான்காவது கட்டம் மட்டும் காலி. "எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு. சான்று இணைக்கவும்" என்று அச்சடித்திருந்தது.

"சார், இந்தக் கட்டத்துல என்ன எழுதறது?" என்றார்.

37 வருடம் அரசாங்கத்தில் கிளார்க்காகக் குப்பை கொட்டியவன் நான். எந்த ஃபாரத்தில் எந்தக் கட்டம் என்றாலும் ஒரு பதில் வைத்திருப்பேன். அன்று வாய் வரவில்லை. "வெச்சிட்டுப் போம்மா, பாக்கறேன்" என்று அனுப்பிவிட்டேன்.

இதை எழுத அவரிடம் சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியும் விட்டேன். யாராக இருக்கும் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அவருடைய கணவர் எங்கள் இலாகாவில் டிரைவர். 1998-இல் இறந்தார். கடைசி ஒரு வருடம் அலுவலகத்தில் அவருக்குத் தனி டம்ளர். யாரும் உத்தரவு போடவில்லை, தானாகவே அப்படி ஆகிவிட்டது. அவர் போன பிறகு குடும்ப பென்ஷன் ஃபைல் என் மேஜைக்கு வந்தது. மனைவிக்கும் அந்த நோய் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், அரசு அலுவலகத்தில் எதுதான் தெரியாமல் போகிறது? மேலதிகாரி, "சீக்கிரம் முடிச்சு அனுப்பிடுய்யா, எத்தனை மாசம் வாங்கப் போறாங்க" என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

அந்த அம்மா வந்து என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவர் படியிறங்கியதும் அந்தப் பேனாவைக் குப்பைக்கூடையில் போட்டேன். நல்ல பேனா. இதை இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் லைஃப் சர்டிபிகேட், வங்கி ஃபாரம் என்று எதற்கானாலும் அவர் என்னிடம்தான் வருவார். ஒவ்வொரு முறையும் தன் பையிலிருந்து தன் பேனாவைத்தான் எடுப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

சில மாதம்தான் என்று நாங்கள் போட்ட கணக்கு 27 வருடமாகத் தப்பாகிக்கொண்டே இருக்கிறது. அப்போது அவருக்கு 35 வயது, இப்போது 62.

நாங்கள் எண்கணிதத்தில் மோசமில்லை. 1998-இல் அந்தக் கணக்கு சரிதான். மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி அடங்கும் என்று 1996-இலேயே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும், டிரைவர் வீட்டில் எங்கே போவார்கள்? 2001-இல் நம் நாட்டு சிப்லா கம்பெனி அதே மருந்தை வருடத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. அந்த அம்மா 2005-இல் தாம்பரம் சானடோரியத்துக்குப் பஸ் ஏறினார். அப்போதெல்லாம் ரத்தத்தில் சி.டி.4 அணுக்கள் 200-க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. அதாவது, நன்றாக விழுந்த பிறகுதான் தூக்கிவிடுவார்கள். போகும்போது அவர் எடை 36 கிலோ. 2017-இலிருந்து அந்த விதி இல்லை, நோய் இருக்கிறது என்று தெரிந்த அன்றே மருந்து ஆரம்பிக்கலாம். இப்போது அவர் சாப்பிடுவது நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை. நான் காலையில் மட்டும் ஐந்து விழுங்குகிறேன்.

கட்டத்தைப் பற்றிக் கேட்க, கமிட்டியில் இருக்கும் நண்பருக்குப் போன் செய்தேன். யாருக்காக என்று சொல்லவில்லை. "உனக்கு ஏம்பா இந்த வேலை? அந்த மாதிரி கேஸ் எத்தனை நாளைக்கு இருக்கும்? வந்து ரெண்டு மாசத்துல போய்ட்டா இல்லத்துக்குத்தானே கெட்ட பேர்" என்றார்.

முதியோர் இல்லத்துக்காரர் ஆயுளைப் பற்றிக் கவலைப்படுவது வேடிக்கைதான். அங்கே சேருகிறவர்களில் நூறு வயதுக்கு உத்தரவாதம் கொடுத்தவர் யாராவது உண்டா? போகட்டும். 2017-இல் லான்செட் குழுமத்தின் மருத்துவ இதழில் வந்த கணக்கைச் சொல்கிறேன். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 2008-க்குப் பிறகு மருந்து ஆரம்பித்து, ஒரு வருடத்தில் உடல் நன்றாகத் தேறிய இருபது வயதுக்காரர் சுமார் 78 வயது வரை இருப்பார் என்று எதிர்பார்க்கலாம். இந்தியர்களின் சராசரி ஆயுள் 70-ஐ ஒட்டித்தான். நம் ஊருக்கும் அதே 78 பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. தாமதமாகப் பரிசோதனை செய்துகொள்கிறவர்கள் இன்னும் சாகிறார்கள். காசநோய் வந்து சேர்ந்துகொண்டால் ஆபத்துதான். மாத்திரையை இடையில் விட்டால் கிருமி மீண்டும் தலைதூக்கும். மருந்தால் அடங்கியிருக்கிறவர்களுக்கும் வயதாக ஆக இருதயம், சிறுநீரகம், எலும்பு என்று தொந்தரவுகள் மற்றவர்களைவிடச் சற்று முன்னதாகவே எட்டிப்பார்க்கும். ஆனால் அந்தப் பட்டியலைப் பாருங்கள், நாம் காந்தி சிலைப் பக்கம் உட்கார்ந்து தினம் பேசுவதும் அதே இருதயம், அதே சிறுநீரகம்தானே?

பிரெஞ்சில் சராசரி ஆயுளுக்கு 'எஸ்பெரான்ஸ் த வீ' என்பார்கள். வார்த்தைக்கு வார்த்தை சொன்னால் 'வாழ்வின் நம்பிக்கை'. பிரெவே பரீட்சைக்குப் படிக்கும்போது இது என்ன சொல் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கிருமியை 1983-இல் பாரீசில் பஸ்தேர் நிறுவனத்தில்தான் கண்டுபிடித்தார்கள், அதற்காக 2008-இல் பிரான்சுவாஸ் பாரே-சினூசிக்கும் லுக் மோன்தாஞியேவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் முதலில் கண்டறிந்தது 1986-இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழு. அறிவு நம் பக்கத்து ஊரிலேயே இருந்திருக்கிறது. நமக்கு மண்டையோட்டுப் போஸ்டரும் புள்ளிராஜாவும் மட்டும்தான் நினைவில் நின்றது. பயமுறுத்தித் திருத்தலாம் என்று நினைத்தார்கள். பயம் தங்கிவிட்டது, மருந்து வந்த செய்தி தங்கவில்லை.

நண்பர் அதோடு விடவில்லை. "மத்தவங்களுக்கு ஒட்டிக்கிட்டா?" என்றார். தட்டில் ஒட்டாது, டம்ளரில் ஒட்டாது, கழிப்பறையில் ஒட்டாது, கொசுவாலும் வராது. மருந்தால் கிருமி அளவிட முடியாத அளவுக்குக் குறைந்தவர்களிடமிருந்து உடலுறவில்கூடத் தொற்றுவதில்லை என்பது ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான ஜோடிகளை வருடக்கணக்கில் கவனித்து உறுதியானது. ஒரு தொற்றுகூட இல்லை. நம் இல்லத்தில் ஆபத்து சாப்பாட்டு மேஜையிலா இருக்கிறது? சர்க்கரைக்கு ஊசி குத்தும் ஆயாவுக்கு உறை வாங்கிக் கொடுக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். ஊசி கையில் ஏறினால் எச்.ஐ.வி.யைவிட மஞ்சள் காமாலை பி கிருமி பல மடங்கு சுலபமாகத் தொற்றும். அதற்கு ஃபாரத்தில் கட்டமே இல்லையே! அப்படியானால் பதினான்காவது கட்டம் யாரையும் காப்பாற்றுவதற்காக அச்சடித்தது அல்ல.

இன்னொரு பேச்சும் வரும் என்று தெரியும். "பாவம், புருஷனால வந்தது" என்று நானே நண்பரிடம் சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன். அப்படிச் சொன்னால், புருஷனால் வராதவர்களை வெளியே நிறுத்தலாம் என்று ஆகிவிடும். எனக்குச் சர்க்கரை வந்தது ஜிலேபியாலா பரம்பரையாலா என்று யாரும் விசாரணைக் கமிஷன் வைக்கவில்லை. எல்லாம் ஜிலேபிதான், அது வேறு விஷயம்.

அந்த அம்மாவுக்கு ஒரே மகள். சம்பந்தி வீட்டுக்கு இது தெரியாது. தெரிந்தால் மகள் வாழ்க்கை என்ன ஆகுமோ என்று அங்கே போய் இருக்க மறுக்கிறார். முழங்கால் வலி, மாடி வீடு, தனியாக இருக்க முடியவில்லை. கிருமியை ஜெயித்தவருக்கு இப்போது வேண்டியது தரைத்தளத்தில் ஓர் அறையும் நேரத்துக்கு இட்லியும். "பேசாம 'இல்லை'ன்னு எழுதிடவா சார்?" என்று போனில் கேட்டார். 62 வயதில் ஒரு மனுஷியைப் பொய் சொல்ல வைக்கும் ஃபாரம் அது.

அது சட்டத்துக்கும் விரோதம். எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. வேலைக்கோ, படிப்புக்கோ, சிகிச்சைக்கோ, வேறு எந்தச் சேவைக்குமோ எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைப்பதை மூன்றாம் பிரிவு தடுக்கிறது. தங்கும் இடம் மறுப்பதையும் அதே பிரிவு தடுக்கிறது. தன் நிலையை வெளியே சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது.

விண்ணப்பம் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. கமிட்டி வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடுகிறது என்று தெரிந்துகொண்டேன். சட்டத்தின் நகலோடு வருகிறேன், மூன்றாம் பிரிவில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். நண்பர்கள் இருவரும் அதற்குள் இதைப் படித்தால், பதினான்காவது கட்டத்தை எடுத்துவிட்டுப் புது ஃபாரம் அச்சடிக்கச் சொல்லிவிடுங்கள். செலவு என்னுடையது. பழைய ஃபாரம் ஒரு கட்டு மிச்சம் இருந்தால் எனக்குக் கொடுங்கள், பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, மளிகைக் கணக்கு எழுத ஆகும்.