பசளைத் தடை தந்த பாடம்

கமக்காரர்களே, 2021 மே மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே வர்த்தமானி அறிவித்தலில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டது. ஈடுகொடுக்கப் போதிய சேதனப் பசளை கைவசம் இருக்கவில்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது, விளைச்சல் சரிந்தது.

அன்று வீதிக்கு இறங்கிப் பசளை கேட்டீர்கள். அடுத்த ஆண்டு எரிபொருள், எரிவாயு வரிசைகளில் நின்றவர்களும் இறங்கினர். 2022 ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பதவி விலகினார். ஆனால், அடுத்தவரைத் தெரிவு செய்தது பாராளுமன்றமே. அந்த ஆண்டு மே மாத வன்முறையில் வீடுகள் எரிந்தன, உயிர்களும் போயின. மக்கள் தாமே, அமைதியாக ஆட்சியை மாற்றியது 2024 செப்டெம்பர் 21 அன்று, வாக்குச்சீட்டால்தான்.

அந்தப் பொறுப்பு தேர்தலோடு முடிவதில்லை. வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. வீட்டில் 18 வயதை எட்டியவரின் பெயர் சேர்ந்துள்ளதா என்று கிராம அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம் பசளை, நெல் கொள்வனவு விலை, குளத் திருத்தம் பற்றிக் கேளுங்கள். சொன்னதைத் திகதியோடு எழுதி வையுங்கள். கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலும் பேசுங்கள். அடுத்த தேர்தலில் யார் சொன்னபடி செய்தார் என்பதை அந்தக் குறிப்பே காட்டும்.