அப்பா மலேசியர், பிள்ளை யார்?

அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டவர், பிள்ளை பிறந்தது குளுவாங் மருத்துவமனையில். அந்தப் பிள்ளை மலேசியரா என்று கேட்டால் நம்மில் பலர் யோசிக்காமல் ஆம் என்போம். சட்டம் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டுவதில்லை. பிள்ளை பிறக்குமுன் திருமணம் பதிவாகியிருந்ததா என்று கேட்கிறது. ஆகியிருந்தால் சிக்கல் இல்லை. இல்லையென்றால் கூட்டரசு அரசமைப்பின் இரண்டாவது அட்டவணையில், மூன்றாம் பாகத்தின் 17ஆவது பிரிவு குறுக்கே வந்து நிற்கும். சட்டப்படியான திருமணத்தில் பிறக்காத பிள்ளையைப் பொறுத்தவரை, தந்தை என்றும் பெற்றோர் என்றும் வரும் இடங்களிலெல்லாம் தாய் என்றே கொள்ளவேண்டும் என்கிறது அது. தாய் அயல்நாட்டவர், ஆகவே பிள்ளையும் அயல்நாட்டவர். பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் இருந்தாலும் அதே தாளில் ‘புக்கான் வார்கானெகாரா’ (குடிமகன் அல்ல) என்று அச்சாகிவிடும். வகுப்புத் தோழர்கள் பன்னிரண்டு வயதில் மைகார்டு அடையாள அட்டை எடுக்கப் போவார்கள். இந்தப் பிள்ளை போக முடியாது.

இதே விதியை ரோமானியர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருந்தார்கள். அங்கே ஒரு குடிமகன் அயலாளைக் கைப்பிடித்தால், அவர்களுக்குள் சட்டப்படி மணக்கும் தகுதி உண்டா என்பதே முதல் கேள்வி. ‘கொனூபியம்’ என்று அதற்குப் பெயர். அது இருந்தால் பிள்ளை அப்பாவைச் சேரும், ரோமக் குடியாகும். இல்லாவிட்டால் அம்மாவைச் சேரும், அயலாகும். இரண்டாம் நூற்றாண்டின் சட்ட ஆசிரியர் காயஸ் தம் பாடநூலில் இதை விரிவாகவே விளக்குகிறார். தாய் ரோமக் குடியாகவும் தந்தை அயலாராகவும் இருந்தால் பிள்ளை தாயைச் சேரவேண்டும் அல்லவா? அதையும் மினீசியச் சட்டம் என்ற ஒன்று தடுத்தது. இருவரில் யாருடைய நிலை தாழ்ந்ததோ அதுவே பிள்ளைக்கு என்றது அது. நம் சட்டம் ரோமிலிருந்து நேரே இறங்கி வந்தது என்று நான் சொல்லவில்லை. இங்கே அது பிரிட்டிஷாரின் சட்ட மரபு வழியாக வந்தது. ஆனால் இரண்டு இடத்திலும் எல்லைக்கோட்டை மண்ணும் போடவில்லை, ரத்தமும் போடவில்லை. சட்டம் ஏற்கும் திருமணம்தான் போட்டது.

ரோமப் படைகளில் இது எப்படி நடந்தது என்பதைப் பார்த்தால் நம் கதை இன்னும் துலங்கும். குடியுரிமை இல்லாத மாகாண மக்கள் துணைப்படைகளில் சேர்ந்து 25 ஆண்டுகள் சேவை செய்தால் குடியுரிமை கிடைக்கும். சான்றாக, கம்பியால் பிணைத்த இரண்டு வெண்கலத் தகடுகள் தருவார்கள். ஏழு சாட்சிகளின் முத்திரை அதில் இருக்கும். சேவையில் இருக்கும்வரை சிப்பாய் சட்டப்படி மணம் செய்யக்கூடாது. 25 ஆண்டுகள் ஒருவன் தனியாக இருப்பானா? முகாமுக்கு வெளியே குடும்பங்கள் உண்டாயின, பிள்ளைகள் பிறந்தன. கி.பி. 140 வரை அந்தப் பிள்ளைகளுக்கும் தகப்பனோடு சேர்த்துக் குடியுரிமை தந்தார்கள். அதன்பின் துணைப்படைத் தகடுகளிலிருந்து பிள்ளைகள் காணாமல் போனார்கள். மணம் செய்யாதே என்று அரசே தடுத்துவிட்டு, மணத்துக்கு வெளியே பிறந்தாய் என்று அதே அரசு பிள்ளையைத் தள்ளி வைத்தது.

இதை நம் ஜொகூரில் பொருத்திப் பாருங்கள். பாசிர் கூடாங்கிலும் ஸ்கூடாயிலும் தற்காலிக வேலை பெர்மிட்டில் இருக்கும் அயல்நாட்டுத் தொழிலாளி உள்ளூர்வாசியை மணக்க அந்தப் பெர்மிட்டின் நிபந்தனையே இடம் தருவதில்லை. சேர்ந்து வாழ்கிறார்கள், கோயிலில் தாலி கட்டிக்கொள்கிறார்கள். பதிவு மட்டும் நடக்காது. உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த கல்யாணங்களிலும் பதிவு விட்டுப்போன கதை நம்மவரிடையே நிறைய உண்டு. 1982 மார்ச் 1ஆம் தேதி திருமணச் சட்டம் நடப்புக்கு வருமுன் வழக்கப்படி நடந்த கல்யாணங்கள் சட்டப்படி செல்லும். அதற்குப் பிறகு பதியாமல் கட்டிய தாலிக்குச் சட்டத்தின் கண்ணில் மதிப்பில்லை. ஒரே சன்னிதியில், ஒரே சடங்கோடு நடந்த தாத்தாவின் கல்யாணம் செல்லும், பேரனுடையது செல்லாது. தாயும் குடிமகளாக இருந்தால் பிள்ளைக்கு ஆபத்தில்லை. தாய் குடிமகளாக இல்லாவிட்டால்தான் கத்தி இறங்குகிறது.

‘பதியச் சொன்னார்கள், பதியவில்லை, பிறகு யாரைக் குறைசொல்வது?’ என்று கேட்பவர்கள் நம் சமூகத்திலேயே அதிகம். நியாயமான கேள்விதான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் கல்யாணப் பத்திரிகைக்குக் கொடுக்கும் கவனத்தைப் பதிவுக்குக் கொடுக்காதவர்கள் மீது எனக்கும் பொறுமை இல்லை. ஆனால் தவறியவர் அபராதம் கட்டட்டும். அந்தக் கல்யாணத்தின்போது பிறந்தே இராதவர் ஏன் கட்டவேண்டும்? பதிவைத் தளர்த்தினால் போலித் தகப்பன்மார் கிளம்புவார்கள் என்பது இன்னொரு வாதம். மரபணுச் சோதனை இல்லாத காலத்தில் அதற்கு வலு இருந்தது. இப்போது அப்பா யார் என்பதில் பதிவிலாகாவுக்கே சந்தேகம் இல்லாத வழக்குகளிலும் பிள்ளை தோற்கிறது. 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் விசாரித்த வழக்கில் தந்தை மலேசியர், தாய் பிலிப்பைன்ஸ்காரர். பிள்ளை பிலிப்பைன்ஸில் பிறந்த பிறகு இருவரும் மணந்தார்கள். ஏழு நீதிபதிகளில் நால்வர் பிள்ளைக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். தந்தை யார் என்பதில் அங்கே தகராறே இல்லை.

அடிமைகளை வைத்திருந்த ரோமையா நமக்கு முன்மாதிரியாகக் காட்டுவது என்று கேட்கலாம். முன்மாதிரியாகக் காட்டவில்லை. அப்படிப்பட்ட ரோமிலேயே ஒரு வாசல் இருந்தது என்பதால்தான் சொல்கிறேன். தன் துணையின் நிலை தெரியாமல் மணந்து பிள்ளை பெற்றவர், நடந்தது அறியாப் பிழை என்று அதிகாரியின் முன் நிரூபிக்கலாம். நிரூபித்தால் துணையும் பிள்ளையும் குடியுரிமை பெற வழி இருந்தது. காயஸ் அதன் வகைகளை ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார். அது சட்டம் வகுத்த வழி, எவருடைய தயவும் வேண்டாம். நம்மிடம் இருப்பது அரசமைப்பின் 15ஏ விதி. சிறப்புச் சூழல் என்று கருதினால் அரசாங்கம் பிள்ளையைக் குடிமகனாகப் பதியலாம். பதியலாம், அவ்வளவுதான். மனு போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஒருநாள் நிராகரிப்புக் கடிதம் வந்தால், குடியுரிமை குறித்த அரசாங்க முடிவை எந்த நீதிமன்றமும் மேல்முறையீட்டிலோ மறு ஆய்விலோ விசாரிக்கக்கூடாது என்று அதே இரண்டாவது அட்டவணை சொல்லிவிடுகிறது.

17ஆவது பிரிவை மாற்ற மக்களவையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அது எளிதா என்பது கடைசி ஆட்சேபம். 1946 மே மாதம் அம்னோ கட்சி ஜொகூர் பாருவில் பிறந்ததற்கு, பிரிட்டிஷாரின் மலாயன் யூனியன் திட்டம் மலாய்க்காரர் அல்லாதவர்களுக்குத் தாராளமாகக் குடியுரிமை தரப்பார்த்ததும் ஒரு முக்கியக் காரணம். தயக்கம் எவ்வளவு பழையது என்று இதிலிருந்தே தெரியும். ஆனால் 2024 அக்டோபரில் அந்தப் பெரும்பான்மை கிடைத்தது. மலேசியத் தாய் வெளிநாட்டில் பெறும் பிள்ளைக்கும் குடியுரிமை என்ற திருத்தம் நிறைவேறியது. சிங்கப்பூரரை மணந்து பாலத்துக்கு அப்பால் பிரசவிக்கும் ஜொகூர்ப் பெண்களுக்கு அது பெரிய விடுதலை. 17ஆவது பிரிவை மட்டும் அது தொடவில்லை. போதாததற்கு, பதிவு மூலம் குடியுரிமை கோரும் பிள்ளைகளுக்கான வயது வரம்பை 21லிருந்து 18ஆகக் குறைத்துவிட்டது. முன்பு எஸ்பிஎம் தேர்வு முடித்த பிறகும் மனுவுக்குச் சில ஆண்டுகள் கையில் இருந்தன. இனி அந்த ஆண்டுகள் இல்லை.