பிரெட்டைக் கெடுப்பது பிரிட்ஜ்தான்!

பிரெட் வாங்கி வந்ததும் நேராக பிரிட்ஜில் வைப்பது பல வீடுகளில் வழக்கம். மறுநாள் எடுத்தால் அட்டை மாதிரி இருக்கும். "காய்ஞ்சு போச்சு, இனி சாப்பிட முடியாது" என்று குப்பைக்குப் போய்விடும். இத்தனைக்கும் அந்த பிரெட் கெட்டுப் போகவே இல்லை!

சரி, காய்ந்தாவது போனதா? பெரும்பாலும் அதுவும் இல்லை. பூசங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1852-லேயே இதைக் காட்டிவிட்டார். ஈரம் வெளியேறாதபடி மூடி வைத்தாலும் பிரெட் விறைக்கிறது. அதையே சூடாக்கினால் திரும்ப மெதுவாகிறது.

காரணம் மாவுச்சத்து. வேகும்போது அது தண்ணீரை உறிஞ்சி, கட்டுக் குலைந்து இளகுகிறது. ஆறிய பிறகு அதன் மூலக்கூறுகள் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகுகின்றன. பிரிட்ஜின் 4 டிகிரி குளிரில் இந்த வேலை வெளியில் இருப்பதைவிட வேகமாக நடக்கிறது. ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியிலோ கிட்டத்தட்ட நின்றே போகிறது.

பிரிட்ஜில் வைத்த இட்லி கல்லாவதும் இதே கதைதான். ஆனால் இட்லியை யாரும் உடனே தூக்கி எறிவதில்லை. மறுபடி ஆவியில் வைக்கிறார்கள், இல்லையென்றால் உப்புமா ஆக்குகிறார்கள். பிரெட்டுக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். லேசாகத் தண்ணீர் தெளித்து, சிறு தீயில் தோசைக்கல்லில் வைத்து இரண்டு நிமிடம் மூடுங்கள். உள்ளே 60 டிகிரியைத் தாண்டினால் அந்த இறுக்கம் அவிழ்ந்துவிடும். மைக்ரோவேவ் என்றால் ஈரத்துணி சுற்றி 10, 15 விநாடி போதும். அதிகம் வைத்தால் ரப்பர்! சூடாகவே சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் மீண்டும் இறுகும்.

"வெளியே வைத்தால் பூசணம் பிடிக்குமே?" நியாயமான கேள்விதான். பிரிட்ஜ் பூசணத்தைத் தள்ளிப்போடும், உண்மை. அதற்கு விலையாக மென்மையை எடுத்துக்கொள்ளும். ஓரிரு நாளில் தீரும் அளவு சின்ன பாக்கெட் வாங்குவது நல்லது. மீதம் இருந்தால் ஃப்ரீசரில் வைத்து, வேண்டிய துண்டுகளை மட்டும் எடுத்துச் சுடலாம்.

பூசணம் பிடித்ததை மட்டும் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். அந்த இடத்தை வெட்டிவிட்டுச் சாப்பிடுவது ஆபத்து. பூசண இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். சூடாக்கினாலும் அதன் நஞ்சு போகாது.

கெட்டுப் போனது வேறு, விறைத்துப் போனது வேறு. இந்த வித்தியாசம் தெரிந்தாலே பாதி பிரெட் குப்பைக்குப் போகாமல் தட்டுக்கு வந்துவிடும்.