கைப்பேசிக்கும் ஒரு திண்ணை வேண்டும்

சகோதரிகளே, இந்த முறை அடுக்களையை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்து, கைப்பேசியைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். 'இது ஆம்பளைங்க சமாச்சாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் உடம்பைப் பற்றிய விஷயமும் இதில் இருக்கிறது.

போன வருஷம் என் மகள் உண்டாகியிருந்தாள். மாதவிலக்குத் தேதி, வாந்தி, எடை என்று எல்லாவற்றையும் கைப்பேசியில் ஒரு செயலியில் எழுதி வந்தாள். மூன்றாம் மாதம் கரு தங்கவில்லை. அன்னூருக்கு வந்து எங்கள் வீட்டில் படுத்துக் கிடந்தவளுக்கு, கைப்பேசியைத் திறந்தால் தொட்டில் விளம்பரம், குழந்தைச் சட்டை விளம்பரம்! "பக்கத்து வீட்டுக்குக்கூட நாம சொல்லலையே. இவங்களுக்கு யாருங்கம்மா சொன்னது?" என்று அவள் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

கோவையில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகனிடம் இதைச் சொன்னேன். அவன் தன் கைப்பேசியில் 'கிராபீன் ஓ.எஸ்.' என்ற இயங்குதளம் போட்டிருக்கிறான். இயங்குதளம் என்பது வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. செயலிகளெல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. இது இலவசம்தான். ஆனால் எல்லாக் கைப்பேசியிலும் போட முடியாது. அவனுடையது கூகுளின் பிக்ஸல்.

"அத்தை, நம்ம பழைய வீட்டுல வர்றவங்களை முதல்ல திண்ணையிலதானுங்க உட்கார வெப்போம்? இதுவும் அப்படித்தானுங்க" என்றான். ஒரு செயலி நம் தொலைபேசி எண்களைக் கேட்டால், மொத்தத்தையும் கொடுக்காமல் இரண்டே பெயரைக் காட்டலாம். புகைப்படங்களும் அப்படியே. இணையமே கிடையாது என்று ஒரு செயலிக்குக் கதவைச் சாத்தவும் செய்யலாம். கஷ்டமும் உண்டு. சில வங்கிச் செயலிகள் அதில் ஓடுவதில்லை. அதற்கென்றே பழைய கைப்பேசி ஒன்றை வைத்திருக்கிறான்.

நம் சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் வளர்ந்த நிறுவனம் ஒன்றும் 2023 ஜனவரியில் 'பரோஸ்' என்ற இயங்குதளத்தைக் காட்டியது. நாம் கேட்காத செயலிகளை முன்கூட்டியே திணிக்காதது அதன் சிறப்பு. அந்தரங்கம் நம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"அப்ப அது இருந்திருந்தா எம் பொண்ணு அழுதிருக்க மாட்டாளா கண்ணு?" என்று கேட்டேன்.

"இணையக் கதவைச் சாத்தியிருந்தா தப்பிச்சிருக்கலாமுங்க. கதவைத் திறந்து வெச்சு, நாமளே எழுதியும் குடுத்தா, எந்தக் காவலாலயும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க அத்தை" என்றான்.

இயங்குதளத்தை மாற்றுவது நம் எல்லோராலும் ஆகிற காரியமல்ல. இருக்கிற கைப்பேசியிலேயே இதைச் செய்யலாம். செட்டிங்ஸில் அனுமதிகள் பகுதியைத் திறந்து, எந்தச் செயலிக்கு இருப்பிடம், மைக், தொலைபேசி எண்கள் திறந்திருக்கின்றன என்று பாருங்கள். டார்ச் விளக்குக்கு உங்கள் அண்ணன் தம்பி எண்கள் எதற்கு? அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு என்றால், விளம்பரப் பகுதியில் நம் விளம்பர அடையாளத்தை அழிக்கவும் வழி இருக்கிறது.

மாதத் தேதிக்குச் சுவர்க் காலண்டரே போதும். டாக்டரம்மா கேட்டால் அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். என் மகள் இப்போது அதில் பென்சிலால் சின்னதாய் ஒரு புள்ளி வைக்கிறாள். அதன் அர்த்தம் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.