மருந்தோடு ஒரு கதை

பழவேற்காட்டு ஏரிக்கரையின் மீனவச் சிற்றூர்களில் வளரும் குழந்தைக்கு வலையும் படகும் பூநாரையும் உடன்வளர்ந்த உறவுகள். அக்குழந்தை நோயுற்று, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கடந்து, சென்னை எழும்பூரிலுள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனையை அடையும்போது அவையெல்லாம் பின்தங்கிவிடுகின்றன. ஊசியின் வலியைவிட, அடுத்து நிகழப்போவது யாதென அறியாத அச்சமே பெரிதாகிறது. நோயைத் தணிக்க மருந்துண்டு. அச்சத்தைத் தணிப்பது எது?

கதை தணிக்கும் என்பதற்கு அறிவியல் சான்று உண்டு. பிரேசில் நாட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த 81 குழந்தைகளிடம் நடத்தப்பெற்ற ஆய்வு 2021இல் வெளியானது. ஒரு பிரிவினர் கதை கேட்டனர். மற்றவர் விடுகதைகளுக்கு விடை கூறினர். இரு பிரிவினர்க்கும் வலியும், மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசோல் என்னும் சுரப்பும் குறைந்தன. கதை கேட்டோரிடம் அக்குறைவு மிகுதியாக இருந்தது.

கதைநூல் சிகிச்சைக்கு மாற்றன்று; துணை. நூல்களால் தொற்று பரவும் என்பர் சிலர். துடைத்துத் தூய்மை செய்யத்தக்க உறையிட்டால் அவ்விடர் குறையும். கதை சொல்ல ஆளில்லை என்பதும் பொருந்தாது. உடனிருக்கும் தாயோ பாட்டியோ, எழுத்தறியாதவராயினும், படம் பார்த்துக் கதை சொல்லலாம்.

ஆகவே, குழந்தைகள் பிரிவுதோறும் நூலடுக்கு ஒன்று அமைதல் வேண்டும். அரசர் கதைகளோடு ஏரியும் இறாலும் வரும் கதைகளும் அதில் இடம்பெறல் வேண்டும். தான் அறிந்த நீர்ப்பரப்பை ஏட்டில் காணும் குழந்தைக்கு, அறியாத அறையும் சற்றே அணுக்கமாகும். விளையாட்டும் ஓய்வும் குழந்தையின் உரிமை என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை. மருத்துவமனைப் படுக்கையிலும் அவ்வுரிமை உண்டு.