வாசலோடு நின்றுவிடும் வேகம்

போன வருடம் என் பெண் ஒரு வேலைக்கான இண்டர்வியூவை, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முடித்தாள். அவள் ரூம் வீட்டின் கடைசியில். வைஃபை பெட்டி வாசலில். நடுவில் மூன்று சுவர், ஒரு இரும்பு பீரோ. ரூமில் உட்கார்ந்து பேசினால் எதிர்முனை ஆசாமி வாயைத் திறந்தபடியே உறைந்துவிடுகிறார்.

நெட் கம்பெனிக்கு போன் செய்தேன். "உங்க பிளான் 100 எம்பிபிஎஸ்தான் சார். 300-க்கு மாறிடுங்க, வீடு பூரா கிடைக்கும்" என்றது ஓர் இனிமையான குரல். மாறினேன். செருப்பு ஸ்டாண்டில் வேகம் பிரமாதம். கடைசி ரூமில்? அதே உறைந்த வாய்.

நான் படித்தது பி.காம். எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனால் மாதம் 400 ரூபாய் கூடுதல் என்றால் வருடத்துக்கு 4,800 என்று கணக்குப் போடத் தெரியும். அந்த 4,800 எதற்கு என்று விசாரிக்கக் கிளம்பியபோதுதான், எவ்வளவு சுலபமாக ஏமாந்திருக்கிறேன் என்று புரிந்தது.

மொட்டைமாடி டேங்க் நிறையத் தண்ணீர் இருக்கிறது. பின்கட்டுக் குழாயில் சொட்டுச் சொட்டாக வருகிறது. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "இன்னும் பெரிய டேங்க் வாங்குங்க" என்றால் விடுவீர்களா? இங்கேயும் அதே கதைதான். ஒரு வீடியோ காலுக்கு மூன்று, நான்கு எம்பிபிஎஸ் தாராளம். குறை டேங்கில் இல்லை, பைப்பில்.

தடையே இல்லாத வெட்டவெளியில்கூட, தூரம் இரண்டு மடங்கானால் சிக்னலின் பலம் நான்கில் ஒன்றாகிவிடும். அப்புறம்தான் சுவர், பீரோ, மீன் தொட்டி எல்லாம். இரும்பு, சிக்னலைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் குடித்துவிடும். இப்போதைய பெட்டிகள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. இரண்டு சுவர் தாண்டினால் மூச்சு வாங்கும். 2.4 கொஞ்சம் தூரம் போகும், ஆனால் மெதுவானது. போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும், பக்கத்து ஃப்ளாட்டுப் பெட்டிகளும் அதே பாதையில் முட்டி மோதுகின்றன. ஆக, நீங்கள் கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கும் வேகம் ஹாலைத் தாண்டுவதே இல்லை.

பெட்டியை அங்கே யார் வைத்தது? கேபிள் போட வந்த பையன். வாசல் பக்கம் ஓட்டை போடுவது சுலபம். பத்து நிமிடத்தில் வேலை முடியும். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அடுத்த வீடு காத்திருக்கிறது. மிச்சத்தை நாம் கெடுத்தோம். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று டி.வி.க்குப் பின்னால், ஷோகேஸுக்குள், பரண் மேல் ஒளித்து வைத்தோம்.

கடைசி ரூமைப் பார்த்து ஆன்டெனாவைத் துப்பாக்கி மாதிரி நீட்டி வைப்பவர்கள் உண்டு. அந்தக் குச்சியை மெதுவடையின் ஓட்டையில் செருகியதாக நினைத்துக்கொள்ளுங்கள். வடை இருக்கும் பக்கம்தான் சிக்னல். குச்சியின் நுனி நீளும் திசையில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒரே தளத்தில் இருக்கும் வீட்டுக்குக் குச்சி நேராக நிற்பதே நல்லது.

அடுத்து கடைக்காரர். "ஆறு ஆன்டெனா சார், லாங் ரேஞ்ச்!" இருக்கட்டும். வைஃபை என்பது மேடைப்பேச்சு இல்லை, உரையாடல். பெட்டிக்கு மைக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் செல்போனுக்கு அதே மெல்லிய குரல்தானே? அது பதில் சொல்வது பெட்டிக்குக் கேட்க வேண்டாமா?

ரிப்பீட்டர் வாங்கினவர்களும் இருக்கிறீர்கள், தெரியும். அதைச் சிக்னலே வராத ரூமில் செருகியிருப்பீர்கள். காதில் விழாததை எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில் வைக்க வேண்டும். அப்போதும் கேட்பதும் சொல்வதும் ஒரே அலைவரிசையில் என்றால் வேகத்தில் பாதி போய்விடும்.

உருப்படியான வழி ஒன்றுதான். வயர்! கேட் 6 என்று கேட்டால் கடையில் தருவார்கள். நூறு மீட்டர் வரை 1,000 எம்பிபிஎஸ் வேகத்தை அப்படியே கொண்டுபோகும். அதன் மறுமுனையில், கடைசி ரூமில் இன்னொரு சின்னப் பெட்டி. பரணில் தூங்கும் பழைய ரவுட்டரே பல சமயம் போதும். ஆக்ஸஸ் பாயின்ட்டாக மாற்றித்தரச் சொல்லுங்கள். வயர்லெஸ் ஒழுங்காக வேலை செய்ய வயர் வேண்டும். இதை மட்டும் எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

"சுவர்ல வயர் ஓடினா அசிங்கமா இருக்குமே சார்?" இருக்கும். இந்தக் கேள்வியை நீங்கள் கேட்க வேண்டிய இடம் பில்டர். ஏ.சி.க்குப் பாயின்ட், கீஸருக்குப் பாயின்ட், மாடுலர் கிச்சன் எல்லாம் பிளானில் வரைகிறார்கள். ரூமுக்கு ரூம் நெட் வயர் போக ஒரு பைப் பதிக்கச் சொன்னால் விழிக்கிறார்கள். சுவர் கட்டும்போது அது சில்லறைச் செலவு. கட்டி முடித்தபின் சுவரை உடைக்க வேண்டும். டிராய் 2024-ல் கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்பு வசதிக்கு ஸ்டார் ரேட்டிங் தரும் விதிகளைக் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் விருப்பப்பட்டவர்தான் வாங்கலாம், கட்டாயம் இல்லை. நாம் அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்டால் ஒழிய அவர்களுக்கு எதற்கு விருப்பம் வரப்போகிறது?

இது வெறும் டெக்னிக்கல் சமாசாரம் என்றால் இவ்வளவு கோபப்பட மாட்டேன். உங்கள் வீட்டில் கடைசி ரூமில் இருப்பது யார் என்று பாருங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை. வெளியூர்ப் பேரனின் முகத்தை போனில் பார்க்கக் காத்திருக்கும் பாட்டி. நிஜமாகத் தேவை இருப்பவர்களுக்குச் சொட்டுத் தண்ணீர். ஹாலில் கிரிக்கெட் பார்க்கும் எனக்கு அருவி. பெட்டி எங்கே இருக்கிறது என்பது, வீட்டில் யாருக்கு முதல் மரியாதை என்பதற்கும் பதில்தான்.

இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று செல்போனில் ஒரு ஸ்பீடு டெஸ்ட். கடைசி ரூமில் ஒன்று. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது படுத்துவிட்டால், கம்பெனிக்கு ஒரு பைசாகூட அதிகம் கொடுக்காதீர்கள். முதலில் பெட்டியை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள், கொஞ்சம் உயரத்தில், திறந்த இடத்தில். அப்படியும் போதவில்லை என்றால் வயர்.

நான் இரண்டையும் செய்தேன். பிறகு பிளானை 100-க்கே இறக்கச் சொல்லி போன் செய்தேன். அதே இனிமையான குரல் பதறியது. "ஏன் சார், ஸ்பீடு பத்தலையா?"

"பத்துதும்மா. அதனாலதான்."