சுருவிலில் ஒரு நுவரெலியாக் குளிர்

சென்ற மாதம் மூன்று நாட்கள் சுருவிலில் எமது அக்கா வீட்டில் தங்கியிருந்தோம். பனங்கூடலும் உப்புக் காற்றும் கூழுமாக நாட்களைக் கழிக்கலாம் என்ற எண்ணத்துடன் போன நமக்கு, அங்கே வாய்த்தது ஒரு மோட்டார்க் காரின் நோய் விசாரணை. வாசக நேயர்கள் பலரிடம் இன்று கார் இருப்பதால், அந்த விசாரணை நடந்த விதத்தை இவ்வாரம் எழுதத் துணிந்தோம்.

அத்தானிடம் இருப்பது யப்பானிலிருந்து வந்த 660 சீசீ சிறு கார். வாடகைக்கு ஓடுகிறது. கிளினிக்குக்குப் போகும் முதியோர், பண்டிகைச் சாமான் வாங்கப் போவோர், இரவில் வயிற்று நோவெடுத்த பிள்ளைத்தாய்ச்சி என்று தீவார் பலர் அதை நம்பியிருக்கின்றனர். அத்தானின் குடும்பமோ முழுக்க அதையே நம்பியிருக்கிறது. நாலைந்து மாதமாக அந்தக் கார் பெற்றோலை வரம்பின்றிக் குடித்தது. புகைக்குழாயின் வாய் கரியாயிற்று. காலையில் ஒழுங்காகப் புறப்படும். நண்பகலில் ஒருதரம் நிறுத்தினால் மறுபடி கிளம்ப மறுக்கும். ஒருநாள் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பண்ணைத் தாம்போதியில் நின்றுவிட்டது. உள்ளே எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். இரு புறமும் கடல்; ஒதுங்க ஒரு மர நிழல் கிடையாது. குடையைப் பிடித்தபடி அவர் அரை மணி நேரம் நின்றாராம்.

“தம்பி, இதை வித்துப் போட்டு ஒரு ஆட்டோ எடுப்பமெண்டு நினைக்கிறன்,” என்றார் அத்தான்.

“வித்தால் ஆர் வாங்குறது? வாங்கிறவனும் மனிசன்தானே!” என்றார் அக்கா, அடுப்படியிலிருந்து.

கராச்சில் காட்டவில்லையா என்று கேட்டோம். காட்டியிருக்கிறார்கள். உள்ளே போகும் காற்றின் உஷ்ணத்தை அறியும் சென்சர் பழுது என்று சொல்லி, கொழும்பிலிருந்து புதியது தருவித்துப் போட்டிருக்கிறார்கள். பல ஆயிரம் ரூபா போயிற்று, நோய் போகவில்லை.

இந்தச் சென்சர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். முந்திய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களில் இது இல்லை. சாரதியின் தோலே உஷ்ணமானி. குளிர் காலையில் ‘சோக்’கை இழுப்பார், யந்திரம் சூடேறியதும் உள்ளே தள்ளுவார். 1990க்குப் பின் குடாநாட்டிற்குப் பெற்றோல் வராத ஆண்டுகளில் நம்மவர்கள் சிறிதளவு பெற்றோலால் காரைக் கிளப்பி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எரிபொருளுக்கும் உஷ்ணத்திற்கும் உள்ள உறவைப் படித்தவர், படியாதவர் யாவரும் அந்நாளில் கைப்பழக்கமாக அறிந்திருந்தனர். இன்றைய காரில் அந்தக் கையின் வேலையைக் கணினி பார்க்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. சூடான காற்று ஐதானது. ஒரு பங்கு பெற்றோல் செவ்வனே எரிய ஏறக்குறைய 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். உள்ளே போகும் காற்றின் அமுக்கத்தையும் உஷ்ணத்தையும் அறிந்தால் அதன் எடையைக் கணக்கிட்டு, அதற்கேற்ற பெற்றோலைக் கணினி தெளித்துவிடும். உஷ்ணத்தைப் பொய்யாகச் சொன்னால் கணக்கும் பொய்க்கும்.

சென்சர் என்பது சிறு மணி போன்ற ஒரு மின்தடை. சூடேற ஏற அதன் தடை குறையும். பல கார்களில் 20 பாகை செல்சியஸில் சுமார் 2,500 ஓம், 30 பாகையில் 1,700, 80 பாகையில் 300 சொச்சம் என்று இருக்கும். கணினி 5 வோல்ற்று மின்சாரத்தைத் தனக்குள் இருக்கும் வேறொரு தடை வழியே அதற்கு அனுப்பி, எஞ்சிய வோல்ற்றளவைக் கொண்டு உஷ்ணத்தை ஊகிக்கிறது.

நாம் யந்திர சாஸ்திரி அல்லோம். ஆயினும் வள்ளங்களின் யந்திரம் திருத்தும் இளைஞர் ஒருவர் அயலில் இருந்தார். உப்பு உலோகத்தை என்ன செய்யும் என்பதை அவர் போல் அறிந்தவர் அரியர். கைத்தொலைபேசியோடு பேசும் சிறு ஸ்கானரும், ஒரு மல்ரிமீற்றரும் கொண்டு மறுநாள் விடியற்காலையில் வந்தார். “இரவு முழுக்க நின்ற கார்தான் உண்மை சொல்லும் அண்ணை. ஸ்ராட் பண்ண வேண்டாம், சாவியை மட்டும் திருப்புங்கோ,” என்றார் அத்தானிடம்.

இரவெல்லாம் நின்ற காரில் நீரும் காற்றும் ஒரே உஷ்ணத்தில் இருக்க வேண்டும். ஸ்கானரில் யந்திர நீரின் உஷ்ணம் 28 பாகை. காற்றின் உஷ்ணம் 5 பாகை! சுருவில் கடற்கரையில் நிற்கும் கார், தான் நுவரெலியாவின் தை மாத விடியலில் நிற்பதாக நம்பிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை விளக்கு ஏன் எரியவில்லை என்பதும் விளங்கிற்று. 5 பாகை நடக்கக்கூடிய குளிரல்லவா? கம்பி முற்றாக அறுந்தால் கணினி சைபருக்குக் கீழே 40 பாகை என்று வாசிக்கும். அப்போதுதான் ஐயுற்று விளக்கை ஏற்றும். (செல்சியசும் பரனைற்றும் ஒன்றாகும் எண்ணும் அந்த 40தான்.) முழுப் பொய்யைக் கணினி பிடித்துவிடுகிறது, அரைப் பொய்யை நம்பிவிடுகிறது.

பின்னர் சென்சரின் செருகியைக் கழற்றி, சென்சரைத் தனியே அளந்தார். 1,800 ஓமுக்குச் சற்று மேல். 28 பாகைக்குச் சரியான அளவே. பொலித்தீன் பையில் இட்டுச் சுடுநீரில் அமிழ்த்தியதும் இலக்கம் ஒழுங்காகக் கீழே இறங்கிற்று. கழற்றி எறியாமல் வைத்திருந்த பழைய சென்சரையும் அளந்தார். அதுவும் அப்படியே! குற்றமற்றதற்குத் தண்டனை கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்துச் செய்ததுதான் எமக்கு மிகவும் பிடித்தது. கழற்றிய செருகியின் இரண்டு கம்பிகளையும் ஒரு துண்டு வயரால் நேரே இணைத்தார். தடை ஏதும் இல்லாததால் கணினி தன் அளவின் உச்சத்தை, அதாவது 140 பாகை அளவில், காட்ட வேண்டும். காட்டியதோ 15 பாகை. ஆகவே, சென்சரே இல்லாத இடத்தில் எங்கோ ஒரு 3,000 ஓம் தடை ஒளிந்திருக்கிறது. (வீட்டில் முயல்வோருக்கு ஒரு சொல்: இரண்டே கம்பி கொண்ட சென்சரில் மாத்திரம் இதைச் செய்யலாம். காற்றோட்டமானியோடு ஒன்றாகப் பொருத்திய ஐந்து கம்பிச் செருகியில் கை வைத்தால் கணினிக்கே சேதம் வரும்.)

நண்பகலில் நோய் முற்றுவதன் காரணமும் இதிலேயே கிடக்கிறது. யந்திரம் சூடாகிக் காற்று 50 பாகைக்கு ஏறும்போது சென்சரின் தடை 800 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். ஒளிந்திருக்கும் 3,000 ஓமோ இறங்காது. கணினிக்குத் தெரிவது 10 பாகை. காலையில் சுமார் 8 வீதம் மிகையாகத் தெளித்த பெற்றோல், அப்போது 14 வீதம் மிகையாகிறது. ஓடும்போது புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் சென்சர் ஓரளவு திருத்தும். கிளப்பும் கணத்தில் அந்தத் திருத்தம் இல்லை. சூடான யந்திரம் பெற்றோலில் மூழ்கித் திணறுகிறது.

இளைஞர் கம்பியை விரலால் தடவிக்கொண்டே போனார். செருகியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றார். மேலுறையில் ஊசி குத்திய துளை ஒன்று. முன்னொரு காலத்தில் யாரோ மின்சாரம் பார்ப்பதற்காகக் கம்பியில் ஊசி குத்தியிருக்கிறார். பார்த்தபின் துளையை அடைக்கவில்லை. தீவின் காற்று அதனுள் புகுந்து மாதக் கணக்கில் வேலை செய்திருக்கிறது. உறையை உரித்தபோது செம்பு இல்லை. பச்சைப் பொடிதான் இருந்தது. இரண்டோ மூன்றோ இழைகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

அழுகிய பகுதியை வெட்டி நீக்கி, புதுக் கம்பி வைத்து ஈயம் பற்றி, மேலே சுருங்கும் குழாய் போட்டு, செருகியின் ஊசிகளுக்குக் கொஞ்சம் கிறீஸ் பூசினார். ஸ்கானர் 30 பாகை காட்டிற்று. அப்போது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

கூலி கேட்டபோது அந்தத் தம்பி சிரித்துக்கொண்டு, “ஒரு முழக் கம்பிக்கு என்ன அண்ணை காசு,” என்றார். அத்தான் விடவில்லை, பையில் திணித்தே அனுப்பினார். அன்று நண்பகல் நாம் யாழ்ப்பாணம் திரும்பியது அந்தக் காரில்தான். பண்ணைத் தாம்போதியில், முன்பு நின்றுபோன அதே இடத்தில், அத்தான் வேண்டுமென்றே காரை நிறுத்தினார். யந்திரத்தை அணைத்துவிட்டு, பத்து நிமிஷம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாமும் பேசவில்லை. பிறகு சாவியைத் திருப்பினார்.

கிளம்பிவிட்டது.